தனக்கொடியின் ரப்பர் கிண்ணம்

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் பாகூர் ஏரி தளும்பிக் கிடந்தது. காலையில் தூறல் பிடித்தால் வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த வெளுப்புக்குள் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் கை வேகமானவள் தனக்கொடி. வயது முப்பத்திரண்டு. பெண் ஒன்று, பையன் ஒன்று. புருஷன் செல்லப்பன், அந்தப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களை எல்லாம் பிரித்துப் பூட்டுகிறவன்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் தனக்கொடியின் கை தளர்ந்துவிடும். அவளுக்கு ரத்தப்போக்கு அதிகம். முழங்கால் சேற்றில் நின்று செய்கிற வேலை. மடித்துக் கட்டிய துணி ரத்தத்திலும் வயல் தண்ணீரிலும் ஊறிக் கனத்து, தொடை இடுக்கை அறுத்துவிடும். சாயங்காலம் காலை அகட்டி அகட்டித்தான் வீட்டுக்கு நடப்பாள். அலசிய துணியை யார் கண்ணிலும் படாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழம்புடவைக்கு அடியில் போட்டு வைப்பாள். மழைக்காலத்தில் அது காயாது. ஈரத்தையே மறுபடி எடுத்துக் கட்டுவாள்.

வரிசையில் எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஆரோக்கியம். பதினைந்து வருஷத்துச் சிநேகிதி. ஆரோக்கியத்தின் தங்கை, பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரான்சுக்குப் போனவள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அந்த வருஷம் லீவில் வந்தபோது அக்காவிடம் இரண்டு சின்னப் பைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றை ஆரோக்கியம் மடியில் செருகி வந்து, சாப்பாட்டு வேளையில் தனக்கொடியைத் தாழம்புதர் ஓரம் தள்ளிக்கொண்டு போனாள்.

பைக்குள் பழுப்பு நிறத்தில் ரப்பர் கிண்ணம். முட்டைக் கோப்பை அளவு. அடியில் சின்னதாக ஒரு காம்பு.

"இன்னாடி இது?"

"மாசாமாசம் உள்ள வெச்சிக்கறது. துணி வேணாம். காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி எடுத்து ஊத்திட்டு, கழுவி வெச்சிக்கணும். அமெரிக்காவுல செய்றாங்களாம்."

"உள்ளயா?" தனக்கொடி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வயித்துக்குள்ள போயி மாட்டிக்கினா?"

"எங்கடி போவும்? ரெண்டு புள்ளைய வெளிய தள்ளினவ நீ. நான் ரெண்டு மாசமா வெச்சிக்கினுதான் நடவு நடறேன். உனுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. அதுதான் தனக்கொடியை யோசிக்க வைத்தது.

அடுத்த முறை தூரமானபோது, குளிக்கிற மறைப்புக்குள் போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கிண்ணத்தை ஆரோக்கியம் காட்டியபடி இரண்டாக மடித்தாள். விறைத்துக்கொண்டிருந்ததால் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். மூன்றாவது தடவையில் அது உள்ளே போய் மெல்லத் திறந்துகொண்டது. சாயங்காலம்தான் வினை. காம்பைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. இழுக்க இழுக்கக் கவ்விக்கொண்டது. வியர்த்துப் போய், தெருவைத் தாண்டி ஆரோக்கியம் வீட்டுக்கு ஓடினாள்.

"காம்பப் புடிச்சி இழுத்தா வராதுடி. குத்துக்கால் போட்டு உக்காரு. மூச்ச விட்டு லேசா முக்கு. அடிய அமுக்கினா உள்ள காத்துப் போயி வுட்டுடும், அப்புறம் எடு" என்றாள் ஆரோக்கியம், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

வந்துவிட்டது. உள்ளே இருந்து ஒரு அழுகையும் ஒரு சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

மறுநாள் வயலில் இறங்கினாள். முதலில் பயமாக இருந்தது. அடிக்கடி திரும்பிப் புடவையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு பார்ப்பதை மறந்தாள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. சேறு காலை விடும்போது ஒரு சத்தம், நாற்று இறங்கும்போது ஒரு சத்தம். இடுப்புக்குக் கீழே இத்தனை வருஷம் ஈரமாகக் கட்டிக் கிடந்த பாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உடம்பே கரைந்து தண்ணீரில் கலந்து, விரல்கள் மட்டும் மிச்சமிருந்து நட்டுக்கொண்டு போவதுபோல் இருந்தது. எதிரே வெளுத்த வானம் காலடித் தண்ணீரிலும் கிடந்தது. அவள் மேகத்தில் நாற்று ஊன்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ பேசினார்கள். அது வெகுதூரத்தில் கேட்டது.

"எங்கடி போற? வரப்பு வந்துடுச்சு!" என்று ஆரோக்கியம் கத்தியபோதுதான் நிமிர்ந்தாள். மற்றவர்கள் பாதி வயலில் இருந்தார்கள்.

அதிலிருந்து அந்தக் கிண்ணத்தை அவள் கண்போலப் பார்த்துக்கொண்டாள். தூரம் முடிந்ததும் ஒரு பழைய பால்மாவு டப்பாவில் தண்ணீர் விட்டு அதைப் போட்டுக் கொதிக்க வைப்பாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வார்த்தை எது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி பதின்மூன்று வருஷத்தில் அந்த மூன்று நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பாயைத் தள்ளிப் போடுவாள், அவன் புரிந்துகொள்வான். அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு நாள் டப்பாவை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்துவிட்டு களை எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் டப்பாவில் தண்ணீர் மட்டும் இருந்தது. அடுப்படி, கொட்டகை, சாம்பல் குழி எல்லாம் தேடினாள். மகள்தான் சொன்னாள்: "அப்பா வந்து ஏதோ வாஷர எடுத்துக்கினு போனாரு."

தனக்கொடி மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள்.

செல்லப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால், கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு பிரித்துக் கிடந்தது. இடது கையில் அவள் கிண்ணம். வலது கையில் பிளேடு. காம்பை அறுக்க அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! அத வெட்டாத!"

"ஏன், இது உனுக்கு எங்க கெடச்சுது? நல்ல ரப்பர். கிரீஸ் போவக் கொதிக்க வெச்சிருக்கியேன்னு..."

"அது வாஷர் இல்ல."

"பின்ன இன்னா?"

தனக்கொடி கொட்டகைச் சுவரைப் பார்த்தாள். சொன்னாள். பாதி சொல்லி நிறுத்தி, மறுபாதியைக் கையால் காட்டிச் சொன்னாள். துணி அறுத்தது, காயாதது, நடக்க முடியாதது எல்லாம் வந்துவிட்டது.

செல்லப்பன் பிளேடைக் கீழே வைத்தான்.

"எத்தினி மாசமா?"

"ஐப்பசிலேர்ந்து."

"அதான் இப்பல்லாம் நீ நேரா நடக்கற" என்றான்.

அவன் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது. அவன் அதைக் கவனிக்காதவன்போல் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தான். எந்த மோட்டாரின் உறுப்பையும் அப்படித்தான் பார்ப்பான்.

"இது ஏன் ஓரம் லேசா உப்பிக்கினு கெடக்குது? எண்ணெ தடவறியா?"

"தேங்கா எண்ணெ. வழுக்கினு போவும்னு."

"தடவாத. ரப்பர் எண்ணெ குடிச்சா உப்பும், அப்புறம் வெடிப்பு வுடும். பச்சத் தண்ணியே போதும். வெயில்லயும் காய வெக்காத. டப்பாவ இறுக்கி மூடாத, துணிப் பையில போட்டு நெழல்ல மாட்டு. மாசம் ஒரு வாட்டி வெளிச்சத்துல புடிச்சிப் பாரு, வெடிப்பு கண்ணுல பட்டா தூக்கிப் போட்டுடு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தித் தன் கையைப் பார்த்தான். விரலெல்லாம் கறுப்பு கிரீஸ். கிண்ணத்தில் அவனுடைய ஐந்து விரல் ரேகையும் பதிந்திருந்தது.

"ஐயய்யோ" என்று எழுந்து தொட்டிக்கு ஓடினான். தன் கையை முதலில் இரண்டு தரம் கழுவி, பிறகு மேல்சோப்புப் போட்டுக் கிண்ணத்தைக் கழுவு கழுவென்று கழுவினான். தனக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

"மறுபடி நல்லாக் கொதிக்க வெச்சிக்க" என்று ஈரத்தோடு நீட்டினான்.

தை பிறந்து, அடுத்த தூரத்தின் இரண்டாம் நாள் மத்தியானம். களத்துமேட்டில் யாரும் இல்லை. தனக்கொடி மோட்டார் கொட்டகைக்குப் போய், "கொஞ்சம் போட்டு வுடுய்யா, குளிக்கணும்" என்றாள். முன்பெல்லாம் இந்த மூன்று நாளில் தொட்டிப் பக்கமே வராதவள். செல்லப்பன் ஒன்றும் கேட்காமல் ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டான்.

குழாய் பொங்கிக் கொட்டியது. புடவையை மார்புக்குக் கட்டி அவள் தொட்டிக்குள் இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தலையைச் சாய்த்தாள். கூந்தல் அவிழ்ந்து மிதந்தது. காதுக்குள் மோட்டார் சத்தம் மட்டும், தூக்கத்தில் கேட்பதுபோல. கால் தானாக மேலே எழும்பியது. வானம் மெதுவாகச் சுற்றியது. உதறிய பஞ்சைப் போல மேகம் ஓரிடத்தில் குவிந்து, பிறகு கலைந்தது. தண்ணீரில் ஒரு சிவப்பும் இல்லை. கண்ணை மூடினாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ.

"தனம், ரெண்டு மணிக்குக் கரண்டு போயிடும். ஏறுறியா?" என்று அவன் திரும்பாமலே கேட்டான்.

"போனா போவட்டும். தொட்டி ரொம்பிடுச்சு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.