டெபுடி உள்ளே வரும் வழி

மேவிஸுக்கு வலது தோள் வலித்தது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்ட தோள். அதே தோளை வைத்துத்தான் இப்போது பின்கதவை அறுத்துக்கொண்டிருந்தாள். முழங்கால்கள் சமையலறைத் தரையில், சின்ன ரம்பம் கதவின் வயிற்றில். வீட்டை வாடகைக்கு விட்ட கவுன்சில்காரர்கள் போன வருஷம் மாட்டிவிட்டுப் போன கதவு. வெள்ளைப் பூச்சு இன்னும் மங்கவில்லை.

"கோணலாப் போகுது புள்ள," என்றார் அப்பா.

"நீ வந்து அறு."

"வந்தா இந்நேரம் முடிச்சுட்டு டீ குடிச்சிருப்பேன்."

அவரால் வர முடியாது. அப்பா ஹோரஸ் பிரமாலின் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, சமையலறையை ஒட்டிய அறையில் போட்டு ஒன்பது வாரம் ஆகிறது. மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். முப்பத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இழுத்த தூசி இப்போது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தால் பின்கதவு நேராகத் தெரியும். அதற்காகவே கட்டிலை இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை டாக்டர் மேவிஸை முற்றத்துக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, ஒரு வாரம் என்றார். அந்த வீட்டுச் சுவர்கள் எதையும் மறைக்காது. அவள் உள்ளே வந்ததும் அப்பா கேட்டார்: "ஒரு வாரமா? ஒரு பூனை கதவு பழக எத்தனை நாள் ஆகும்?"

பூனையின் பெயர் டெபுடி. மஞ்சள் கடுவன், ஒரு காது கிழிந்தது. சுரங்கம் மூடிய குளிர்காலத்தில் தானாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. சுரங்கத்தில் டெபுடி என்றால் மேற்பார்வை ஆள்; கையில் கோலோடு நடப்பான், எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பான், எதையும் தூக்க மாட்டான். பூனைக்கு அந்தப் பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது வருஷமாக அது கத்தும்போதெல்லாம் அப்பா எழுந்துபோய்த் திறந்தார். இப்போது மேவிஸ் ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுவாள். பூனை மழையில் நின்று கதவைப் பிறாண்டும். உள்ளே கட்டிலில் கிடந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மூச்சு முட்டுவதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிறாண்டல் சத்தத்தைச் சொன்னார்.

கதவில் பூனைக்கு ஒரு ஓட்டை போடலாமா என்று வசந்தத்திலேயே கவுன்சிலுக்கு முறையாக எழுதிக் கேட்டார்கள். கதவு கவுன்சிலின் சொத்து, துளை போடக்கூடாது என்று பதில் வந்தது. மேவிஸ் அதை வாசித்துக் காட்டினாள். அப்பா முழுதும் கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து டீக்கோப்பைக்கு அடியில் வைத்தார். டாக்டர் வந்துபோன மறுநாள், "ரம்பம் எங்க இருக்கு?" என்றார்.

"அப்பா, அவங்க வந்து பாத்தா?"

"பாக்கட்டும். முப்பத்தாறு வருஷம் எவனோ மணி அடிச்சாத்தான் சுரங்கக் கூண்டுல ஏறுனேன், எவனோ மணி அடிச்சாத்தான் இறங்குனேன். நம்பர் போட்ட வில்லையக் குடுத்துட்டு உள்ள போ, வில்லைய வாங்கிட்டு வெளிய வா. இந்த வீட்டுல ஒரு உயிராவது எவனையும் கேக்காம வந்து போகட்டும்."

ஓட்டை ஒருவழியாகச் சதுரமானது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மடலை அதில் பொருத்தித் திருகினாள். விரலால் தட்டினால் உள்ளேயும் வெளியேயும் ஊசலாடியது. சுரங்கக் கழிவு மலைப் பக்கமிருந்து காற்று வீசும்போதெல்லாம் டக் டக் என்று அடித்துக்கொண்டது.

"உள்பக்கம் கீழ ஒரு மரச்சட்டம் வச்சு ஆணி அடி," என்றார் அப்பா. "வெளிப்பக்கமா மட்டும் திறக்கணும்."

"எதுக்கு?"

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ அந்தப் பக்கமாத்தான் கதவு திறக்கணும். அப்பத்தான் காத்தே அதை இறுக்கிச் சாத்தும். கீழ இருபது வருஷம் காத்துக் கதவுகளப் பாத்தவன் நான். ஒரு கதவு தப்பா மாட்டியிருந்தா நூறு பேருக்கு மூச்சு இல்ல."

"இது சுரங்கம் இல்லப்பா. வெளிய இருந்து வர்ற பூனை தள்ளத்தானே செய்யும்? இழுக்குமா?"

"அலமாரிக் கதவ நகத்தால இழுத்து வெண்ணெய் திங்குதுல்ல? அதே நகம்தான்."

"இழுக்காது."

"பந்தயம்?"

"என்ன பந்தயம்?"

"தோத்தவங்க டெபுடிக்கு ஒரு முழுப் புகைமீன் வாங்கித் தரணும். முழுசா. தலை, வால், எல்லாம்."

அவள் சட்டத்தை அடித்தாள். சாகப்போகிறவரிடம் ஒரு மரச்சட்டத்துக்காக ஏன் சண்டை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதனால் ஆணியை ஓங்கி அடித்தாள்.

வெளியே போவதை டெபுடி அன்று மாலையே கற்றுக்கொண்டது. மடலைத் துணிக் கிளிப்பால் பாதி தூக்கி வைத்தாள், பிறகு கால்வாசி, பிறகு கிளிப்பையே எடுத்துவிட்டாள். பூனை மூக்கால் தள்ளிக்கொண்டு போயிற்று. உள்ளே வரத்தான் மாட்டேன் என்றது. சனிக்கிழமை முழுதும் வாசற்படியில் உட்கார்ந்து, மடலைப் பார்க்காமல், மேலே தாழ்ப்பாளைப் பார்த்துக் கத்தியது. வேலையிலிருந்து வந்த மேவிஸ் மூன்று தடவை மனம் இளகிக் கதவைத் திறந்தாள்.

"கெடுத்துட்ட," என்றார் அப்பா. "வேலைநிறுத்தம் பண்றான். நீ போயி அவன் கேட்டதக் குடுத்துட்டு வர்ற. எவன் முதல்ல இறங்குறான்னுதான் பாக்குறான்."

"உன் புத்தி அப்படியே அவனுக்கு வந்திருக்கு."

"என் பூனை."

ஞாயிற்றுக்கிழமை மேவிஸுக்கு விடுமுறை. காலையிலேயே அவர் முடிவு சொன்னார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, துண்டு துண்டாக. பின்கதவுக்குத் தாழ் போட வேண்டும். யாருக்காகவும் திறக்கக்கூடாது. அலமாரியில் இருந்த புகைமீன் துண்டில் பாதியை உள்ளே வாசலருகே தட்டில் வைக்க வேண்டும். மேவிஸ் முன்கதவு வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றி, முற்றத்துக்கு வந்து பூனையை அழைக்க வேண்டும்.

"முன்கதவா?"

"வேற எத்தனை கதவு இருக்கு?"

அந்தத் தெருவில் முன்கதவை யாரும் தொடுவதில்லை. பால்காரர், பாதிரியார், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பின்வழிதான். முன்கதவு கல்யாணத்துக்கும் சவப்பெட்டிக்கும். பிரமால் வீட்டில் அது கடைசியாகத் திறந்தது பதினோரு வருஷத்துக்கு முன், அம்மாவுக்காக. ஈரத்தில் ஊதி, பூச்சில் ஒட்டிக் கிடந்தது. மேவிஸ் தோளைக் கொடுத்து நாலு இடி இடித்தாள். ஐந்தாவதில் தூசியைக் கொட்டிக்கொண்டு திறந்தது.

உள்ளிருந்து அப்பா இருமிச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. பெட்டி தூக்குறவங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

"வாய மூடுப்பா."

ஏழு வீடு தாண்டி, தெருமுனை சுற்றி, சந்துக்குள் நுழைந்து, பின்முற்றத்துக்கு வந்தாள். அடுத்த வீட்டு பெரில் ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"முன்கதவுச் சத்தம் கேட்டுதே. ஹோரஸ் போயிட்டானா?"

"யாரும் போகல ஆன்ட்டி. பூனைக்குப் பாடம் நடக்குது."

"அடக் கடவுளே. நான் வேற சாவுக்குப் போடுற கறுப்புச் சட்டைய எடுத்துப் பாத்துட்டு வந்தேன்."

மேவிஸ் முற்றத்துச் சிமெண்டில் குப்புறப் படுத்து, மடலை நகத்தால் இழுத்துத் தூக்கினாள். உள்ளே தட்டு, மீன், அதற்கப்பால் கட்டிலின் கால், போர்வை, அப்பாவின் முகம். பக்கவாட்டில் படுத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கான்?"

"கரிக்கொட்டகை மேல. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கான்."

"மடல நீ பிடிக்காத. விட்டுடு. அவனே இழுக்கட்டும்."

"இழுக்க மாட்டான்னு சொன்னேன்ல."

"பந்தயம்... ஞாபகம் இருக்குல்ல."

"இருக்கு. நீ தோத்தா நீயேதான் போயி வாங்கிட்டு வரணும்."

"வரேன். இந்தக் கால்ல செருப்ப மட்டும் மாட்டிவிடு."

அவள் மடலை விட்டாள். எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றாள். காற்று பலமாக இருந்தது. அவர் சொன்ன மாதிரியே மடலை இறுக்கிச் சாத்தியது. மீன் வாசனை இடுக்கு வழியாக வந்திருக்க வேண்டும். டெபுடி இறங்கியது. அவசரமே இல்லாமல் முற்றத்தைக் கடந்து வந்தது. வாசற்படியில் நின்று, முன்னங்காலைத் தூக்கி, மடலில் வைத்துத் தள்ளியது. அசையவில்லை. தலையால் முட்டியது. அசையவில்லை.

"அப்பா, தள்ளுறான். பாத்தியா? இழுக்கல, தள்ளுறான்."

கதவருகே போய்க் காதை வைத்தாள்.

"தோத்துட்டன்னு பேசாம கிடக்கியா?"

அவள் குனிந்து மடலை இழுத்துப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கை ஒன்று தொங்கியது. குழாய் மூக்கிலிருந்து நழுவிக் கன்னத்தில் கிடந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன.

மடல் கையிலிருந்து விழுந்தது. அவள் கதவை இடித்தாள். உள்ளே தாழ் போட்டது தன் கைதான் என்பது பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி மண்டியிட்டாள். இழுத்தால் திறக்கும் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. தள்ளினாள். முழங்கை, மேல்கை, தோள் என்று முழு உடம்பையும் போட்டுத் தள்ளினாள். சட்டம் ஆணியோடு பிய்ந்து தரையில் தெறித்தது. கை தோள்வரை உள்ளே போயிற்று. மேல்நோக்கித் துழாவினாள். தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாணுக்காகத் தோள் எலும்பு ஓட்டையின் விளிம்பில் உரசித் தோல் கிழியும்வரை முட்டினாள்.

பிறகு கையை உருவிக்கொண்டு ஓடினாள். சந்து, தெருமுனை, ஏழு வீடு. முன்கதவு திறந்தபடி கிடந்தது.

அவர் கதவைப் பார்த்தபடி போயிருந்தார். ஓட்டை வழியாக அவள் கை வந்ததைப் பார்த்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தட்டில் மீன் அப்படியே இருந்தது. டெபுடியைக் காணோம்.

வியாழக்கிழமை சவப்பெட்டி முன்கதவு வழியாகப் போயிற்று. கதவு மக்கர் பண்ணவில்லை. தூக்கிய ஆறு பழைய சுரங்கக்காரர்களில் நாலு பேருக்கு மேட்டிலிருந்த கல்லறைவரை நடக்க மூச்சு இல்லை. பாதி வழியில் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து எல்லாரும் பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தார்கள். ஹாம் வைத்த ரொட்டி, பன்றிக்கறி பஃப், டீ. வந்தவர் ஒவ்வொருவரும் ஓட்டைக்கு முன் குனிந்து பார்த்தார்கள்.

"கோணல்," என்றார் ஆல்ஃப். அப்பாவோடு காத்துக் கதவு வேலை பார்த்தவர். கைகளில் கரி புகுந்த நீலத் தழும்புகள்.

"அவரும் அதத்தான் சொன்னார்," என்றாள் மேவிஸ். வலது கையால் டீக்கெண்டியைத் தூக்க முடியவில்லை. இடது கையால் ஊற்றினாள்.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது. அந்தத் தெருவைத் தெரிந்த ஒருவன் அந்தக் கதவைத் தட்ட மாட்டான்.

"பின்னால வாங்க," என்று மேவிஸ் கத்தினாள்.

சுற்றிக்கொண்டு வந்தவர் கவுன்சில் வீட்டுப் பிரிவைச் சேர்ந்த ஃபென்விக். மழைக்கோட்டு, கையில் கோப்பு. வாசலில் நின்று வருத்தம் சொன்னார். பிறகு குனிந்து பார்த்தார்.

"நேரம் சரியில்லதான், மிஸ் பிரமால். ஆனா சிலிண்டர் எடுக்க வந்தவங்க சொன்னாங்க. இதுக்கு அனுமதி மறுத்து உங்க அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தோம்."

"வந்துச்சு."

"அவர் பதில் எழுதல."

"இதோ இதுதான் பதில்," என்று கதவைக் காட்டினாள். "நல்லாப் படிச்சுக்குங்க."

"திங்கட்கிழமை ஆசாரி வருவார். பலகை வச்சு அடைச்சிடுவார். செலவு உங்க பேர்ல வரும்."

"வரட்டும். கதவுல தாழ் போட்டிருக்கும். உள்ள வர இந்த ஓட்டை ஒண்ணுதான் வழி."

ஆல்ஃப் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "ஆசாரி ஒல்லியா சார்?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் வழியும் விடவில்லை. ஃபென்விக் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கெல்லாம் வீடு காலியாகிவிட்டது. பெரில் ஆன்ட்டி பாத்திரம் கழுவ நின்றாள். மேவிஸ் அவளை அனுப்பினாள். பின்கதவுக்குத் தாழ் போட்டாள். கட்டில் நின்ற இடத்தில் கம்பளத்தில் நாலு குழிகள். அடுப்போரம், கூட்டித் தள்ளிய குப்பையில், அந்தச் சட்டம் இரண்டு வளைந்த ஆணிகளோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். சுத்தியல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சட்டத்தை அடுப்புக்குள் போட்டாள்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் டக் என்றது.

காற்று என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். மடல் உள்ளே வளைந்திருந்தது. அதன் கீழே கிழிந்த காது, பிறகு தலை, பிறகு தோள். நாலு நாள் எங்கேயோ திரிந்த அழுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வழிந்தது. கத்தவில்லை. தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய் அந்த நாலு குழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காலை நக்கத் தொடங்கியது.

மேவிஸ் கையைத் துடைத்தாள். அலமாரியில் ஹாம் மட்டும்தான் மிச்சம். மீன் கடை மூன்று மணிக்கே மூடியிருக்கும். ஹாமைப் பிய்த்துத் தட்டில் போட்டு அதன் முன்னால் வைத்தாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"தெரியும்," என்றாள்.

டெபுடி தள்ளித்தான் உள்ளே வந்தது; பந்தயத்தில் தோற்றவர் அப்பா. டெபுடிக்கு ஒரு முழுப் புகைமீன், தலையும் வாலுமாக, இன்னும் பாக்கி.