பதினேழு வயதுக் கையெழுத்து

சகாயசெல்விக்குப் பதினாறில் கல்யாணம், பதினேழில் கையில் பிள்ளை. முத்தியால்பேட்டையில் அப்போது அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. செத்துப்போன அப்பா மூலக்குளத்தில் அவள் பேருக்கு விட்டுப்போன மனையை, அந்த வருஷம்தான் அம்மாவாசை என்பவருக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதினாள். அம்மாவாசை மில்லில் வேலை பார்ப்பவர். தவணை கட்டி முடித்ததும் பத்திரம் பதிவதாகப் பேச்சு.

கையெழுத்துப் போடும் நேரத்தில் இடுப்பிலிருந்த குழந்தை பேனாவைப் பிடுங்கியது. "குடு கண்ணு, நான் வச்சிக்கிறேன்" என்று அம்மாவாசையின் மனைவி தனக்கொடிதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். செல்வி எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தாள். "மனையில நிக்கிற மரத்துல இந்த வருஷத்துத் தேங்கா எங்களுக்குத்தான், அதையும் எழுதுங்க" என்று வேறு சொன்னாள். பிறகுதான் கையெழுத்து. அவள் புருஷன் லூர்துநாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

"பொண்ணுக்கு வயசு ஆயிடுச்சில்ல?" என்று அம்மாவாசை கேட்காமல் இல்லை.

"புள்ளையே பெத்தாச்சு, இன்னும் இன்னா வயசு?" என்று லூர்துநாதன் சிரித்தான்.

பிரெஞ்சுக்காரன் காலத்துச் சட்டத்தில் கல்யாணம் ஆகிவிட்டால் மைனர் மேஜர்தான் என்று ஊருக்குள் ஒரு நினைப்பு. பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறிப் பல வருஷம் ஆகியும் அந்த நினைப்பு மட்டும் ஏறவில்லை. அம்மாவாசையும் சரியென்று தலையாட்டினார்.

மனையில் அம்மாவாசையின் கீற்றுக் கொட்டகை எழும்பியது, கிணறும் வெட்டினார்கள். தவணை முடிவதற்குள் சுற்றிலும் புது வீடுகள் வந்து மனை விலை எங்கேயோ போய்விட்டது. லூர்துநாதனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வக்கீலிடம் போனான். கல்யாணம் ஆனாலும் மைனர் மைனர்தான், மைனர் எழுதின ஒப்பந்தம் செல்லாது என்றார் அவர். அவ்வளவுதான், பத்திரம் பதிய முடியாது என்று சொல்லிவிட்டான். அம்மாவாசை கோர்ட்டுக்குப் போனார்.

"வாணாங்க. தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டேன்?" என்றாள் செல்வி.

"உன்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? வயசச் சொல்லு, போதும்" என்றான் லூர்துநாதன்.

வயதைச் சொல்வதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்று வந்தது, பதினேழுதான் என்று ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "விவரம் தெரிஞ்சுதானேம்மா கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டார்.

கடைசி பெஞ்சில் தனக்கொடி இருந்தாள். அவளைப் பார்க்காமல் செல்வி சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சின்னப்புள்ள அப்ப."

சட்டத்துக்கு அந்தப் பதில் தேவையே இல்லை. வயது ஒன்றே போதும். கூலி இல்லாமல் இழுத்துப் போட்டுச் செய்த வேலை போல, அந்தப் பொய்யை அவள் தானாகச் சொன்னாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இடத்தைக் காலி செய்ய வேண்டும். பணத்தை லூர்துநாதன் முகம் மலரக் கட்டினான்.

காலி செய்த அன்று தனக்கொடி தனியாகச் செல்வி வீட்டுக்கு வந்தாள். லூர்துநாதன் வெளியே போயிருந்தான். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று செல்வி வாசலில் பயந்து நின்றாள். தனக்கொடி மடியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்தாள். பேச்சில் கோபம் இல்லை, நிஜமாகவே சந்தேகம்தான் இருந்தது.

"சாவிய உங்கிட்ட குடுத்தா செல்லுமா கண்ணு? இல்ல, உங்க வூட்டுக்காரரு வரட்டுமா? அப்புறம் வாங்கலன்னு ஆயிடக் கூடாது பாரு."

இப்போது செல்விக்கு இருபத்திரண்டு வயது. மனை இன்னும் அவள் பேரில்தான் இருக்கிறது. "வாங்கக்கா, புதுசா எழுதிக் குடுக்கறேன்" என்று சொன்னால் யாராலும் தடுக்க முடியாது, சட்டமும் குறுக்கே நிற்காது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே லூர்துநாதனின் முகமும் வந்தது.

"செல்லும்க்கா" என்று கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

தனக்கொடி தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். செல்வி சாவியோடு அங்கேயே நின்றாள். சின்னப்பிள்ளை, ஒன்றும் தெரியாது என்று இனிமேல் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.