மஞ்சள் காமாலை மனு

நான் படித்த சட்டக் கல்லூரியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு முதல்வர் கடிதம் அனுப்பியிருக்கிறார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'வெளிநாட்டில் சட்ட மேற்படிப்பு: நன்மைகள்'. ஆயிரம் வார்த்தைக்குள் இருக்க வேண்டுமாம். பட்டமளிப்பு அங்கி போட்ட படம் ஒன்றும் வேண்டுமாம். படம் இருக்கிறது. கட்டுரைதான் மூன்று வாரமாக வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

நன்மை இல்லாமல் இல்லை. கேள்வி கேட்டால் முறைக்காத பேராசிரியர்கள் கிடைத்தார்கள். நாலு மாடி நூலகம் கிடைத்தது. திரும்பி வந்த மறு வாரமே பெரிய சட்ட நிறுவனம் ஒன்று கூப்பிட்டு வேலை கொடுத்தது. முன்பெல்லாம் "ஏம்மா, தள்ளி நில்லு" என்று விரட்டிய பெஞ்ச் கிளார்க் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க மேடம்" என்கிறார். இதையே கொஞ்சம் இழுத்து எழுதினால் ஆயிரம் வார்த்தை தாராளமாகத் தேறும். எழுத உட்கார்ந்தால் அக்காவின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் கட்சிக்காரர். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஐந்து வயது மகளும் தனக்கே வேண்டும் என்று வழக்குப் போட்டார். அந்த வழக்கில் அக்காவுக்காக ஆஜரானது நான். அப்போது பெரியப்பாவின் அலுவலகத்தில் ஜூனியராக இருந்தேன். கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா பாப்பாவையும் கூட்டி வருவார். அந்த வாண்டு என் கறுப்பு கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்கும்.

முதல் மூன்று வாய்தாவிலும் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கு மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம். எனக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க வர வேணாம்க்கா. தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்" என்றேன். எல்லா வக்கீலும் எல்லாக் கட்சிக்காரரிடமும் சொல்வதுதான். "நீங்க சொன்னா சரி மேடம்" என்று அக்கா தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. குடும்பச் சட்டத்தில் ஒரு வருடப் படிப்பு. புறப்படுவதற்கு முன் என்னிடம் இருந்த நாற்பத்தோரு வழக்குகளில் நாற்பதை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். நாற்பத்தொன்றாவது, அக்காவின் வழக்குக் கட்டு, என் பெட்டிக்குள் போனது. பெற்றோர் சண்டையில் குழந்தையின் நலன் என்பது என் ஆய்வுத் தலைப்பு. அதற்கு அக்காவின் வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அந்தக் கோர்ட்டில் எதுவும் ஒரு வருடத்துக்குள் நகராது, நகர்வதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கெட்ட நேரம், நான் போன இரண்டாவது மாதமே புது நீதிபதி வந்தார். அவர் சுறுசுறுப்பானவர்.

வழக்கைக் கூப்பிட்டபோது எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. நண்பரிடம் கட்டு இல்லை, அதனால் அவர் டைரியில் தேதியும் இல்லை. வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்ததால் அக்கா சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆனது. கோர்ட் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அக்காவுக்கே விஷயம் தெரியும்.

பெரியப்பாவின் குமாஸ்தா எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'குழந்தை கேஸ் அம்மா வந்து அழறாங்க. கட்டைத் தேடறோம், காணோம்.' எனக்குப் பரீட்சை நேரம். 'ஊருக்கு வந்ததும் பார்த்துக்கறேன்' என்று பதில் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அந்த வழக்கை வைத்து எழுதிய ஆய்வுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வந்தது. இதை முதல்வருக்கு எழுதலாமா?

திரும்பி வந்தபோது உத்தரவாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வந்துட்டீங்களா மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பாவின் அப்பா வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு, அடுத்த மாதக் கடைசியில் குழந்தையோடு கிளம்பப் போகிறார் என்றார். அதற்குள் உத்தரவை ரத்து செய்தாக வேண்டும். முப்பது நாளில் போட்டிருக்க வேண்டிய மனு. தாமதத்துக்கு நியாயமான காரணம் சொன்னால்தான் நீதிபதி காதில் வாங்குவார்.

பெரியப்பா அலுவலகத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "காரணம் என்னன்னு போடப் போற?" என்றார்.

"நடந்ததைத்தான் பெரியப்பா. கட்டை எடுத்துட்டுப் போனது நான். வர வேணாம்னு சொன்னதும் நான்தான்."

"படிச்சுட்டு வந்த கையோட உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கப் போறியா? நாளைக்கே எதிர்க்கட்சி வக்கீல் உன்மேல புகார் எழுதுவான். அந்தக் கம்பெனிக்காரன் உன்னைச் சேர்த்துப்பானா?"

"அப்போ என்னதான் எழுதறது?"

"காமாலைன்னு போடு."

இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோர்ட்டில் வழக்கு வைத்திருப்பவர்களுக்கு வருகிற ஒரே வியாதி மஞ்சள் காமாலை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். கால் முறிந்தால் எக்ஸ்ரே படம் காட்டச் சொல்வார்கள். காமாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. மாதக்கணக்கில் படுக்கலாம், அடையாளமே இல்லாமல் எழுந்தும் வரலாம். அது பொய் என்று நீதிபதிக்குத் தெரியும், எதிர்க்கட்சி வக்கீலுக்கும் தெரியும். அவருடைய கட்சிக்காரருக்கும் நாளைக்குக் காமாலை வர வேண்டியிருக்கும் என்பதால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பெரியப்பா அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. அன்று சாயங்காலமே மனுவும் அதோடு சேர்க்கிற சத்தியப் பிரமாணமும் டைப் செய்தாயிற்று. சான்றிதழ் கொடுக்க ஒரு டாக்டரும் கிடைத்தார். அக்கா வேலை முடிந்து ஓடி வந்தார். கையில் இஸ்திரிச் சூடு அப்படியே இருந்தது.

"எங்க போடணும் மேடம்?"

விரலால் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு கவுனை எடுத்தார். "பாப்பா இப்ப இந்த அளவு இருப்பா இல்ல? பத்து மாசத்துல இவ்வளவு வளர்ந்திருப்பாதானே?" என்றார்.

"சரியா இருக்கும்க்கா" என்றேன்.

விசாரணை அன்று எதிர்க்கட்சி வக்கீல் எங்கள் தொழிலில் யாருமே செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். காமாலையை விசாரித்துப் பார்த்திருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை வரவழைத்து நீதிபதியின் மேசையில் வைத்தார். காமாலையில் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்ததாக நான் எழுதிய அத்தனை மாதமும் அக்கா வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள்கூட லீவு இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அதே எழுத்துக் கூட்டிய கையெழுத்து.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "காமாலையில படுத்திருந்தீங்களாம்மா?"

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பொய் என்னுடையது, அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"இல்லைங்க. நான் நல்லாத்தான் இருந்தேன்" என்றார் அக்கா.

சத்தியம் செய்து பொய் சொல்கிற தாயிடம் ஒரு பெண் குழந்தை வளர்வது உசிதமல்ல என்று உத்தரவில் எழுதினார்கள். மனு தள்ளுபடி. வராந்தா பெஞ்சில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையில் கவுன் இருந்தது.

"நான் எப்ப மேடம் காமாலையில படுத்தேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குள் போன கட்டிலிருந்து தொடங்கி, பரீட்சை, வேலை, என் பயம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. "வர வேணாம்னீங்க, வரல. கையெழுத்துப் போடச் சொன்னீங்க, போட்டேன்" என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்" என்றார். அவர் இன்னும் என்னைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

மேல்முறையீட்டில் நடந்ததை நடந்தபடி என் பெயரிலேயே எழுதிப் போட்டேன். பெரியப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "முதல்ல வியாதி, இப்ப வக்கீல் மேல பழி. அடுத்தது என்ன?" என்று மேல்கோர்ட்டில் கேட்டார்கள். அதுவும் தள்ளுபடி. நான் பயந்த புகார் வரவே இல்லை. கட்சிக்காரருக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற வக்கீல் என்று எனக்கு நல்ல பேர்தான் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று நிறுவனத்தில் அதைச் சொல்லிக் கை குலுக்கினார்கள்.

பாப்பாவை ஏற்றிக்கொண்டு விமானம் போன மறுநாள் அக்கா என் புது அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் போய் உள்ளே கூட்டி வந்தேன். எந்த நாடு என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். நான் படித்த நாடு.

"நீங்க இருந்த இடம்தானே மேடம்? அங்க ரொம்பக் குளிருமா? அவளுக்குச் சட்டுன்னு சளி பிடிச்சுக்கும். அவருக்கு இதெல்லாம் தெரியாது."

குளிரும் என்றேன். எந்த மாதத்தில் பனி பெய்யத் தொடங்கும், எத்தனை சட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும், காதை மூடாவிட்டால் எப்படி வலிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா சீட்டின் பின்பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். வெளிநாட்டில் நான் படித்த படிப்பால் அவருக்குக் கிடைத்த நன்மை அவ்வளவுதான்.