சென்னியம்மாளின் இடது கைக் கொப்புளம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மேற்கு ஜெர்மனி போகிறவர்களுக்கான ஆரோக்கிய முன்னெச்சரிக்கைகள் பற்றிச் சேலத்துப் பயண முகவர் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டார். வருஷம் 1974. பக்கத்துத் தூளியில் என் மகள் தூங்க, "பயணிகள் முதலில் அம்மை குத்திக்கொண்டு, மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகத்தில் முத்திரை—" என்பது வரை எழுதிவிட்டேன். அங்கே சென்னியம்மாள் வந்து வாக்கியத்தின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கச் சொன்னேன். கேட்கிற ஆளா அவள்?

2

(ஆரம்பம், முதல் முயற்சி:) வெண்ணந்தூர் வானம் அன்று செக்கச்செவேலென்று—

வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

(இரண்டாவது:) சிறுவயதில், அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தபோதெல்லாம் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தவள் சென்னியம்மாள். இப்போது அவளே கணவர் வெள்ளியங்கிரியை இழுத்துக்கொண்டு சேலம் போய், டாக்டரிடம் இடது கையை நீட்டினாள். எல்லாம் மகள் வசந்தாமணிக்காக. மருமகனோடு ஜெர்மனியில் இருக்கிறாள், தலைப்பிரசவம். பனி கொட்டுகிற ஊரில் அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட யார் இருக்கிறார்கள்?

3

ஒரு வாரத்தில் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பி நின்றது. டாக்டருக்குப் பரம திருப்தி. "நல்லா எடுத்திருக்குதும்மா. இனி தாராளமாக் கெளம்பலாம்" என்று முத்திரையைக் குத்தினார்.

சென்னியம்மாள் ஊருக்கு வந்ததும் வாசலில் வேப்பிலையைச் செருகினாள். அடுப்படியில் தாளிப்பை நிறுத்தினாள். பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

"ஏம்புள்ள, வியாழக்கெழம மெட்ராசுல பிளேன். இப்பப் போயிப் படுத்துக்கிட்டா?"

"அம்மா வந்திருக்காங்க. பொருக்கு உதுந்து, மூணு தண்ணி ஊத்தாம, புள்ளத்தாச்சி ஊட்டுக்கு எப்பிடிங்க போறது?"*

"அது தானா வந்ததில்ல புள்ள. நாமளே போயிக் குத்திக்கிட்டு வந்தது!"

"நாமளே கூப்புட்டாலும், வந்தவங்க வந்தவங்கதானுங்களே."

(* அம்மை கண்டவருக்குப் பொருக்கு உதிர்ந்தபின், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை இடைவெளிவிட்டு மூன்று முறை ஊற்றுவது வழக்கம். அதுவரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது. ஜெர்மனி அரசாங்கம் விரும்புவதும் ஏறக்குறைய இதைத்தான். கட்டுரையில் சேர்க்கலாம்; முகவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.)

4

இந்த இடத்தில் அவளைக் கேலி செய்வதாகத்தான் திட்டம். நீங்கள் சிரிப்பதற்கென்று இரண்டு வரிகூடத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் வெள்ளியங்கிரி குரலை உயர்த்த, அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நம்ம பெரியவனப் பாக்க வந்தவங்க மூணாந்தண்ணி ஊத்தாமத்தானுங்க வந்தாங்க. மறந்துபோச்சுங்களா?"

வசந்தாமணிக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை இருந்திருக்கிறது. தூளியைவிட்டு இறங்காமலேயே அம்மையில் போய்விட்டது. எழுதுகிற எனக்கே இது தெரியாது.

வெள்ளியங்கிரி டிக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு பாயோரம் உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையில்லைங்களா? பொறக்கறது என்னயப் பாக்காம இருந்தாலும் பரவால்லீங்க. இருக்கோணும். அவ்வளவுதான்."

அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன்.

5

முடிவுகள்:

(அ) அவள் போகிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சொன்னதே சரி.

(ஆ) போகவில்லை. வசந்தாமணி ஒற்றையில் பெற்றெடுத்து, அம்மா வரவில்லையே என்று ஆயுசுக்கும்—

(இ) புதன்கிழமையே பொருக்கு உதிர்ந்து— இது பொய். பொருக்குகள் விமான அட்டவணை பார்த்து உதிர்வதில்லை.

எதுவும் சரிவரவில்லை. அவளிடமே கேட்டுவிடுவோம் என்று வெண்ணந்தூருக்குக் கிளம்பிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. நிலையில் வேப்பிலை இன்னும் வாடவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: "ஆருங்க அது? ஊட்டுல கொழந்தை இருக்குதுங்களா?"

நான் டாக்டர் சொல்வதை நம்புகிறவன். அதைக் கட்டுரையாகவே எழுதுகிறவன். இருந்தாலும், படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லையென்றால், நீங்கள் உள்ளே போய்க் கேளுங்கள்.