ஏழு பிள்ளைகள் நடந்த தூரம்

அடுக்குமாடி வளாகத்தின் விளையாட்டுத் திடலில் ஓடக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பந்து மெத்தென்று இருக்க வேண்டும். சைக்கிள் கூடாது. மண் கூடவே கூடாது. போன வருடம் ஒரு பிள்ளை செருப்பில் சேற்றோடு லிஃப்ட்டில் ஏறிவிட்டது. உடனே கூட்டம் போட்டு, மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு ரப்பர் விரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். "நாங்கள்லாம் தெருவுலயே கிடந்து வளர்ந்தோம்." அப்புறம் கையைத் தூக்கி ரப்பருக்கு ஓட்டுப் போட்டார்கள். நாற்காலி எடுத்துப் போட வந்திருந்த வாயில் காவல்காரி, இருமுவதுபோலச் சிரித்து முடித்தாள். பிள்ளைகளுக்கு அவள் கேட் அக்கா. பெரியவர்களுக்கு அவள் 'என்னம்மா'.

ரப்பருக்குப் பின் கடிகாரம் வந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது, எத்தனை காலடி நடந்தது என்று பெற்றவர்களின் போனுக்குச் சொல்லும் கடிகாரம். கால் மணி நேரம் அசையாவிட்டால் அதையும் சொல்லும். இனி யாரும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. யாரும் இறங்கவுமில்லை.

இதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மகள். ஒன்பது வயது, அப்பனைப் போலவே அதிகாரம். கடிகாரத்தைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் வேறு எதிலாவது மாட்டிவிட்டால் அது மூச்சு விடாது. வளாகத்தில் ஒரு நாய் உண்டு. நாள் முழுக்கச் சுற்றிவரும், ஒரு வேலையும் செய்யாது என்பதால் கேட் அக்கா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். மாலை ஐந்து மணிக்கு மேனேஜரின் கழுத்தில் ஏழு கடிகாரங்கள் ஏறும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கம்பி வளைந்த சுவர் இடுக்கில் ஏழு பிள்ளைகள் நுழைந்து மறைவார்கள். அந்தப் பக்கம் காலி மனை. ஒரு மண்மேடு, ஒரு குட்டை, ஏறத் தோதான ஒரு மரம்.

அந்தக் கம்பியைப் பற்றி மேலே சொல்ல வேண்டியது கேட் அக்காவின் கடமை. சொன்னால் மறுநாளே அடைத்துவிடுவார்கள். சொல்லவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும். ஒரு பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டதற்காகவே முன்பிருந்த காவலாளியை அனுப்பியவர்கள் இவர்கள். அதற்குப் பிறகும் அவள் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் மாலை விளையாட்டு நேரத்துக் காலடிப் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே தினசரி சராசரி, ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. எண் பிசகவில்லை. யாராவது ஒருவர் புருவத்தையாவது உயர்த்துவார் என்று கேட் அக்கா இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் செயலாளர் பட்டியலுக்கு அடியில் எழுதினார்: 'பாராட்டத்தக்க குழு ஒற்றுமை. அடுத்த மாத இலக்கு ஏழாயிரம்.'

படித்தவர்கள், என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் கொளுத்திய ஒரு மாலை. மேனேஜர் ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. காலால் தள்ளினாள். பிஸ்கட் காட்டினாள். ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. கழுத்தில் ஒவ்வொரு கடிகாரமாகச் சிவப்பு மினுக்கத் தொடங்கியது. பிள்ளைகளை இழுத்து வர நேரமில்லை. ஏழையும் கழற்றித் தன் இரண்டு மணிக்கட்டிலும் முழங்கை வரை மாட்டினாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுத் திடலைச் சுற்றி நடந்தாள்.

மூன்றாவது சுற்றில் லிஃப்ட் திறந்தது. செயலாளர், கையில் போனோடு.

"என்னம்மா, பாப்பா அசையலைன்னு மெசேஜ் வந்துச்சு. எங்க பிள்ளைங்க?"

ஊஞ்சல் சும்மா தொங்கியது. ரப்பரில் ஒரு குஞ்சும் இல்லை. அவள் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"போன்ல என்ன சார் காட்டுது?"

அவர் பார்த்தார். "திடல்லதான் காட்டுது." இன்னும் உற்றுப் பார்த்தார். "ரொம்பப் பக்கத்துல இருக்கா."

"அப்போ இங்கதான் சார் இருப்பாங்க."

பிளாஸ்டிக் குழாய்ச் சறுக்கைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்க்கக் குனிய வேண்டும். கால்சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. அவர் குனியவில்லை.

"உள்ள ஒளிஞ்சு விளையாடுதுங்க போல. நாங்களும் அப்படித்தான், வீட்டுலயே தங்க மாட்டோம்." நாலடி போய்த் திரும்பினார். "நீங்க ஏன் சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

"கால் மரத்துப் போச்சு சார்."

"கேட்டுல ஆள் இல்லாம இருக்கக் கூடாது. சேஃப்டி முக்கியம்."

லிஃப்ட் மூடியது. அவள் நடப்பதை நிறுத்தவில்லை. ஆறு மணிக்குச் சுவர் இடுக்கு வழியாக ஏழு பேரும் வந்தார்கள், முழங்கால் வரை சேறு. தோட்டக் குழாயில் கழுவிவிட்டு வரிசையாகக் கடிகாரத்தை மாட்டிவிட்டாள்.

"அப்பா வந்தாரா?" செயலாளரின் மகள் கேட்டாள்.

"வந்தாரு. உன் பக்கத்துலயே நின்னு பேசிட்டுப் போனாரு."

அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தில் எண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அக்கா, நாளைக்குக் கொஞ்சம் கம்மியா நடங்க. இல்லேன்னா இலக்கை ஏத்திடுவாரு."