எட்டா, நாலா

அண்ணன் கையெழுத்துக்காக வந்திருந்தான். பாகம் பிரிக்காமல் கிடக்கும் எங்கள் மூன்று ஏக்கர் காட்டைத் திருத்தி வயலாக்க வேண்டுமாம். என் சம்மதம் இல்லாமல் முடியாது. பேருந்துக் களைப்போடு ஆய்வகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பத்திரத்தை மடியில் வைத்தபடி, "இதுக்குத்தான் சம்பளம் தர்றாங்களா? கட்டம் போட்டு விளையாட?" என்றான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. திரையில் இருந்தவை கட்டங்கள்தான். பச்சை காடு, மஞ்சள் வயல், நீலம் ஓடை. விதி ஒன்றே ஒன்று: பக்கத்துக் கட்டம் வயலானால் இந்தக் கட்டமும் சீக்கிரம் வயலாகும். எங்கள் மூன்று ஏக்கரை மட்டும், யாரும் வெட்டாததால், மாறாத பச்சையாகப் பூட்டியிருந்தேன். முப்பது வருடத்துக்கு முந்தைய எங்கள் ஊர் வரைபடத்திலிருந்து கணினியில் ஓட்டினால், இன்றைய செயற்கைக்கோள் படம் வர வேண்டும். ஆறு மாதமாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பெருங்காட்டை வழித்துத் துடைத்துவிடும். நிஜத்தில் அந்தக் காடு நிற்கிறது. இன்றில்லாவிட்டாலும் எப்படியும் ஒருநாள் போகப்போகிற காடு, எங்கள் மூன்று ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அண்ணனிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை.

"பக்கத்துக் கட்டம்னா எத்தனை?" என்றான்.

"சுத்தி எட்டு."

"மூலையில தொட்டுக்கிட்டு இருக்கிறவன்லாம் பக்கத்துக்காரனா, பாப்பா? வரப்பு சேர்ந்திருக்கணும். அவன் வெட்டினா நம்ம மரத்துல வெயில் விழும், மாடு நுழையும், நமக்கும் கை சும்மா இருக்காது. நான் அப்படித்தான் வெட்டினேன். மூலைக்காரன் வெட்டினா எனக்கென்ன?"

எட்டை அழித்து நாலு என்று போட்டேன். ஓட்டினேன். மஞ்சள் சாலையோரம் தொடங்கி வரப்பு வரப்பாக நகர்ந்தது. ஓடை சாய்வாக ஓடுவதால் அதன் நீலக் கட்டங்கள் மூலையில்தான் தொட்டுக்கொண்டிருந்தன; இதுவரை அந்த மூலை வழியே தாண்டிக் குதித்த மஞ்சள், இப்போது கரையிலேயே நின்றது. செயற்கைக்கோள் படத்தை அதன்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. எங்கள் ஊரில் ஒரு ஆளைக்கூடத் தெரியாத ஒற்றை வரி, ஊரையே வரைந்து வைத்திருந்தது.

அண்ணன் திரைக்குக் கிட்டே குனிந்தான். "இது நம்ம கிணத்து வயல். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வெட்டினேன். இதுக்கு யாரு சொன்னா?"

"நீதான், இப்ப."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மேல ஓட்டு. இன்னும் முப்பது வருஷம்."

மஞ்சள் நகரவே இல்லை. இரண்டு ஓடைகளுக்கு நடுவே வாசல்போல ஒரு பச்சைக் கட்டம் பெருங்காட்டுக்குப் போகும் வழியை அடைத்திருந்தது. அது எங்கள் மூன்று ஏக்கர். அவனுக்கும் புரிந்துவிட்டது. "யாரும் வெட்டாத நிலம்னு அதை மாறாம பூட்டி வெச்சிருக்கேன்," என்றேன். "அந்தப் பூட்டை எடுத்துட்டு ஓட்டு," என்றான்.

எடுத்தேன். அந்தக் கட்டம் மஞ்சளானது. அடுத்த வருடம் அதன் பின்னால் ஒன்று. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை.

அண்ணன் சட்டென்று கை நீட்டி, மண் ஏறிக் காய்த்த உள்ளங்கையால் அந்த வாசலை மூடினான். கைக்கு அப்பால் மஞ்சள் மலையடிவாரம்வரை ஏறிக்கொண்டிருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.