அனாமத்து

ஆபீஸில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அனாமத்து. கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது, இடிக்கிற வித்தியாசத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கும் தலைப்பு அது. பெயர் வைத்த புண்ணியவான் முதலாளி ஆடிட்டர். கிண்டல்தான்; எதையும் அனாமத்தில் போட்டுவிட்டு நகர இவனுக்கு மனசு வராது. துக்கடா வித்தியாசமாக இருந்தாலும், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

ஆபீஸில் அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம். பரீட்சை ஹாலில் அதுவே அவன் காலை வாரியது. ஆடிட்டர் பரீட்சையில் மற்ற எல்லாப் பேப்பரும் தேறிவிட்டான். கணக்குப் பேப்பர் மட்டும் பாக்கி. ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வியிலேயே பேலன்ஸ் ஷீட் இடிக்கும். தேட ஆரம்பிப்பான். மணி அடிக்கும்போது கடைசிக் கேள்விகளுக்கான தாள்கள் வெள்ளையாகக் கிடக்கும்.

அவனிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவன் தேறி, அதிகாரியாகக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தான். முதல் நாள் இவன் "சார்" என்றதும், "ஐயோ, கூச்சமா இருக்குண்ணா" என்று நெளிந்தான். மறுவாரம் நெளியவில்லை.

ஊரில் மாமா, அக்காவின் கணவர், ஆரம்பத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, கேள்வித்தாள் போடறவனே ரிட்டயர் ஆயிட்டானாமே!" பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். கிண்டலையாவது தாங்கலாம்; இந்தக் கரிசனத்தைத் தாங்க முடியவில்லை. அதனால் போன தடவை தோற்றதும் அக்காவிடம், "விட்டுட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டான். அவள் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகவே கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு.

விடவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் மட்டுமே தெரியும் ஜன்னலடியில் உட்கார்ந்து படித்தான். பாடத்திட்டம் மாறப்போகிறது; இந்தத் தடவை தவறினால் தேறிய பேப்பர்களும் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். பரீட்சைக்கு லீவு கேட்டபோது இந்தத் தடவையும் பல்வலி என்றான்.

"அனாமத்து, உங்க வாயில இன்னும் பல்லு மிச்சமிருக்கா?" என்றார் ஆடிட்டர்.

ஹாலில் முதல் கேள்வி. பேலன்ஸ் ஷீட் வழக்கம்போல இடித்தது. விரல் மேலே போய் முதல் வரியில் நின்றது. இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தால் கிடைத்துவிடும். எப்போதும் அப்படித்தான் தோன்றும். கையை இழுத்துக்கொண்டான். வித்தியாசத்தை அனாமத்து என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினான். வீட்டைப் பூட்டாமல் ஊருக்குக் கிளம்பியது போல இருந்தது. அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. மணி அடித்தபோது கடைசி விடையின் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

பஸ் படியில் கால் வைத்ததும் தவறு தானாக வந்து நின்றது. தேய்மானத்தை ஒரு பக்கம் மட்டும் கழித்திருக்கிறான். சனியனே, இப்பத்தான் வரணுமா, என்று முனகினான். முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

ரிசல்ட் சாப்பாட்டு வேளையில் வந்தது. மயிரிழையில் தேறியிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஆடிட்டர் வெளியே போயிருந்தார். கண்ணாடி அறைக்குள் இருந்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தான். மற்ற நாற்காலிகள் காலி. மாடிப்படிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாடா?"

"பாஸாயிட்டேன்க்கா."

"எதுல?"

"பரீட்சையில."

"எந்தப் பரீட்சை? நீதான் விட்டுட்டேன்னு சொன்னியே?"

"விடலக்கா. அனாமத்துல போட்டு வெச்சிருந்தேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கிட்டுதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அடுத்து வந்த குரலில் கோபமா, அழுகையா, சொல்ல முடியவில்லை.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, தனியாவாடா எழுதினே?"

"ஹால்ல நல்ல கூட்டம்க்கா" என்றான்.